வாரண்டி கிடையாது என்று நான் எழுதிய வண்டி

ஏப்ரல் 10, திங்கள்

காலை சர்க்கரை 158. தினமும் வெறும் வயிற்றில் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும், என்ன சாப்பிட்டேன் என்பதையும் எழுத வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இட்லி நான்கு, தக்காளிச் சட்னி. ஒரு நம்பர் எழுதவா இவ்வளவு தடித்த டைரி என்று மனைவி வாசுகி கேட்டாள். ஷோரூமில் கொடுத்தது, சும்மா கிடக்கிறது.

வேலை அதிகம். பதினொரு வண்டிகள். மதியம் மூன்று மணிக்கு ராக்கியண்ணனின் பதினாலடி லாரியை இன்னொரு லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள். வாங்கிப் பதினாலு மாதம்தான் ஆகிறது. மூன்று வருட வாரண்டி இருக்கிறது. அவரே ஓனர், அவரே டிரைவர். குஞ்சுப் பண்ணையிலிருந்து ஒரு நாள் வயதுக் கோழிக்குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு பாலக்காட்டுப் பண்ணைகளுக்குப் போவது அவர் தொழில். நேற்று உச்சி வெயிலில் வாளையாறு தாண்டியதும் டேஷ்போர்டுக்குப் பின்னால் புகை வந்து வண்டி நின்றுவிட்டது. எஞ்சினை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி செத்துவிட்டது. பேட்டரி வயரைக் கழற்றித்தான் புகையை நிறுத்தியிருக்கிறார். அதோடு பாடியில் மாட்டியிருந்த ஃபேன்களும் நின்றுவிட்டன. வேறு வண்டி வருவதற்குள் முக்கால்வாசிக் குஞ்சுகள் வெக்கையில் செத்துப்போயின.

"பெட்டிய எறக்கி நெழல்ல வெச்சு, எங்கிட்ட இருந்த தண்ணியெல்லாம் தெளிச்சுப் பாத்தனுங்க" என்றார் ராக்கியண்ணன். சட்டையில் மஞ்சள் மஞ்சளாக இறகுத் தூள் ஒட்டியிருந்தது.

ஃபேன்களுக்கு வெளிக் கடையில் வயரிங் செய்திருக்கிறது. நல்ல சுத்தமான வேலை. பதினைந்து படம் எடுத்தேன்.

ஏப்ரல் 11, செவ்வாய்

சர்க்கரை 163. தோசை மூன்று.

இந்த ஷோரூமில் நான் சர்வீஸ் அட்வைசர் ஆகிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. பழுதான வண்டியை முதலில் நான்தான் பார்ப்பேன். வாரண்டியில் வருமா வராதா என்பதற்கான முதல் அறிக்கையும் என்னுடையதுதான். கம்பெனி இன்ஜினியர் அதை வைத்துத்தான் முடிவெடுப்பார். நாமக்கல் சுற்று வட்டாரத்தில் "பிரகாசம் சார் சொன்னா சரியா இருக்கும்" என்று ஒரு பேர் எனக்கு இருக்கிறது.

அறிக்கை எழுதினேன். "வெளியில் செய்த கூடுதல் வயரிங் எரிந்த இடத்துக்கு அருகில் செல்கிறது." அப்படித்தான் செல்கிறது. ஃபேன் சுவிட்ச் டேஷ்போர்டில்தான் இருக்கிறது. எழுதியதில் பொய் இல்லை.

படங்களையும் அனுப்பிவிட்டேன். பதினான்கு.

ஏப்ரல் 12, புதன்

சர்க்கரை 160. வீட்டு மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. ஃபுட்வால்வில் குப்பை அடைத்திருந்தது. நானே கழற்றிச் சுத்தம் செய்தேன்.

மேனேஜர் டெலிவரி ஃபைலைக் கேட்டார். புது வண்டி கொடுக்கும்போது வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டிய விஷயங்களுக்கு ஒரு படிவம் உண்டு. ஒவ்வொன்றையும் சொல்லி டிக் அடிக்க வேண்டும். ஒன்பதாவது கட்டம்: "வெளியில் மாற்றங்கள் செய்தால், அதனால் வரும் பழுதுக்கு வாரண்டி இல்லை என்று விளக்கப்பட்டது." டிக் இருக்கிறது. கீழே ராக்கியண்ணன் கையெழுத்து. அதற்குக் கீழே என் கையெழுத்து.

நாம தப்பிச்சோம் என்றார் மேனேஜர்.

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரை ஒன்று. லீவு. பாயசம் ஒரு கரண்டி மட்டும். சர்க்கரை பார்க்கவில்லை.

தங்கை தேன்மொழியும் மாப்பிள்ளை கதிரேசனும் வந்தார்கள். திருச்செங்கோடு ரோட்டில் மாப்பிள்ளைக்கு ஆட்டோ எலக்ட்ரிகல் கடை இருக்கிறது. மூன்று வருடம் முன்பு ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடை இப்போது நன்றாக ஓடுகிறது. கோழி வண்டி, முட்டை வண்டிகளுக்கு ஃபேன், லைட் வேலை நிறைய வருகிறதாம். சாப்பிடும்போது, ராக்கியண்ணன் வண்டிக்கு என்ன ஆச்சு மச்சான் என்று கேட்டார். இன்னும் பார்க்கவில்லை என்றேன்.

வாசுகி என்னைப் பார்த்தாள். அந்த வண்டியைப் பற்றி அவளிடம் திங்கட்கிழமையே சொல்லியிருந்தேன்.

ஏப்ரல் 17, திங்கள்

சர்க்கரை 171.

கம்பெனி இன்ஜினியர் ஸ்டெல்லா மேடம் சேலத்திலிருந்து வந்தார். முப்பது வயதுதான் இருக்கும், வேலையில் கெட்டி. முழங்கால் போட்டு உட்கார்ந்து டேஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தார். எரிந்த வயர்களை நம் ஆட்கள் சனிக்கிழமையே வெட்டி எடுத்துப் பையில் போட்டு வைத்திருந்தார்கள். அதனால் அவர் பெரும்பாலும் படங்களையும் என் அறிக்கையையும் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. வெட்டச் சொன்னது நான். வேலை சீக்கிரம் முடியட்டும் என்றுதான்.

ராக்கியண்ணன் நான்கடி தள்ளி நின்றிருந்தார்.

"டெலிவரி அன்னைக்கு இவர்கிட்ட சொன்னீங்களா சார்? வெளில வயரிங் செஞ்சா வாரண்டிக்கு பாதிப்பு வரும்னு?" என்று மேடம் கேட்டார்.

"சொன்னேன் மேடம்."

அவர் ராக்கியண்ணன் பக்கம் திரும்பினார். "சொன்னாரா அண்ணா?"

ராக்கியண்ணன் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம்தான். நான் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"ஆமாங்க. சார் சொன்னாருங்க."

மேடம் குறித்துக்கொண்டார்.

சாயங்காலம் கேட்டருகே ராக்கியண்ணன் காத்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். எனக்குச் சர்க்கரை போடாமல் என்று அவரே சொன்னார், எப்படியோ தெரிந்து வைத்திருக்கிறார். "நீங்க அப்படிச் சொன்னதும் எனக்கு ஒரு நிமிசம் ஒண்ணும் புரியலீங்க. அப்பறம், சார் சொன்னா அதுல ஏதோ வழி இருக்கும்னு நானும் ஆமான்னுட்டனுங்க. சரிதானுங்களே?"

பார்த்துக்கலாம் என்றேன்.

ஏப்ரல் 18, செவ்வாய்

சர்க்கரை 204.

ஏப்ரல் 19, புதன்

சர்க்கரை 188. மாங்காய் வாங்கி வந்தேன். வாசுகி ஊறுகாய் போட்டாள். நான் துண்டு போட்டுக் கொடுத்தேன். கத்தி சரியில்லை.

ஏப்ரல் 22, சனி

சர்க்கரை 179.

கடிதம் வந்துவிட்டது. வாரண்டி நிராகரிப்பு. காரணம்: அனுமதியற்ற மின் மாற்றம். வயரிங், கட்டுப்பாட்டுப் பெட்டி இரண்டும் அவர் சொந்தச் செலவில் மாற்ற வேண்டும். ராக்கியண்ணனிடம் நான்தான் படித்துக் காட்டினேன். இங்கிலீஷில் இருந்ததால் தமிழில் சொன்னேன்.

நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டார். முடித்ததும் கடிதத்தை வாங்கி மடித்தார். பிறகு, "நான் ஆமான்னு சொன்னதுனாலயா சார்?" என்றார்.

அதெல்லாம் இல்லை என்றேன். அப்புறம் ஒரு போன் வந்தது. எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். போன் வரவில்லை என்பதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

பண்ணைக் கம்பெனி அவர் ரூட்டை வேறு வண்டிக்குக் கொடுத்துவிட்டதாம். இப்போது ஒரு முட்டைக் குடோனில் அட்டைகள் தூக்கும் வேலைக்குப் போகிறார் என்று செக்யூரிட்டி சொன்னார்.

ஏப்ரல் 24, திங்கள்

சர்க்கரை 192. மருந்தை மாற்ற வேண்டும் என்கிறார் டாக்டர். மனசில் ஏதாவது கவலையா என்று கேட்டார். வெயில் என்றேன்.

போன வருடம் பிப்ரவரியில் அந்த வண்டி டெலிவரி. ராக்கியண்ணனும் அவர் மனைவி பூங்கொடியும் வந்திருந்தார்கள். அந்தம்மாதான் சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்தது. குஞ்சு ஏற்ற ஃபேன் போட வேண்டும், வாரண்டிக்கு ஏதாவது ஆகுமா என்று ராக்கியண்ணன் என்னிடம் கேட்டார். சரியாகத்தான் கேட்டார். எத்தனை பேர் கேட்கிறார்கள்?

நான் சொன்னது: "தாராளமா போட்டுக்கங்க. ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்ல." ஒரு விசிட்டிங் கார்டும் கொடுத்தேன். மாப்பிள்ளை கடையின் கார்டு. ஒன்பதாவது கட்டத்தை வாயால் சொல்லாமலே டிக் அடித்தேன். எல்லாக் கட்டத்தையும் அப்படித்தான் அடித்தேன்.

வெளிக் கடைகளுக்கு ஆள் அனுப்பக் கூடாது என்பது எங்கள் ஷோரூமில் கண்டிப்பான விதி. போன வருடம்தான் பெயின்ட் செக்ஷனில் ஒருவரை அதற்காக வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஃபேன் வயரால்தான் எரிந்தது என்றால் யார் என்ன சொல்லியிருந்தாலும் வாரண்டி வராது.

ஏப்ரல் 25, செவ்வாய்

ஃபேன் வயரால் எரியவில்லை.

எழுதிவிட்டேன். காலையில் சர்க்கரை பார்க்கும் முன்பே எழுதிவிட்டேன்.

பத்தாம் தேதி வண்டியைப் பார்த்த அன்றே தெரியும். மாப்பிள்ளை இழுத்த லைன் பேட்டரியிலிருந்து தனியாக வருகிறது, தனி ஃபியூஸ், தனி ரிலே. கம்பெனி வயரை எங்கேயும் சீவவில்லை. அவருடைய ஃபியூஸ் போகவே இல்லை. அவர் வயரின் மேல்தோல் மட்டும் பக்கத்துச் சூட்டில் கருகியிருந்தது, உள்ளே செம்பு பளபளவென்று இருந்தது. எரிந்தது கம்பெனியிலிருந்து வந்த பிரதான வயரிங். அது ஒரு இரும்புத் தகட்டின் விளிம்பு மேல் போகிறது. அங்கே ஒரு கிளிப் போட்டுத் தூக்கிக் கட்டியிருக்க வேண்டும். கிளிப் இல்லை. கிளிப் மாட்டும் துளையைச் சுற்றிப் பெயின்ட் கீறாமல் இருந்தது. அந்தத் துளையில் எப்போதுமே கிளிப் மாட்டப்படவில்லை. பதினாலு மாதம் உரசி உரசித் தோல் போய் ஷார்ட் ஆகியிருக்கிறது. வாரண்டிப் புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது: மாற்றத்தால் வந்த பழுதுக்குத்தான் வாரண்டி இல்லை. மற்றதற்கெல்லாம் உண்டு.

பதினைந்தாவது படம் அந்தத் துளை. அனுப்பவில்லை. அதை அனுப்பினால் கேள்வி வரும், வயரிங்கை யார் செய்தார், யார் அனுப்பினார் என்று வரும். அதனால் அனுப்பவில்லை. வயரை வெட்டச் சொன்னதும் அதனால்தான்.

சர்க்கரை 211.

ஏப்ரல் 28, வெள்ளி

ராக்கியண்ணனும் பூங்கொடியும் வீட்டுக்கு வந்தார்கள். காலை ஏழரை மணி. நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். வாசுகி உட்காரச் சொல்லிக் காபி கொண்டுவந்தாள்.

ராக்கியண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சார், நான் ஒரு யோசனை பண்ணுனனுங்க. தப்பு என்னுதுதான், இந்த ஒருவாட்டி பாத்து வாரண்டி குடுங்கன்னு அந்த மேடத்துக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தர்றனுங்க. ஷோரூம்ல சொன்னது எனக்கு மறந்துபோச்சு, தெரியாம ஃபேன் போட்டுட்டேன்னு. உங்க பேரு எங்கயும் வராதுங்க. இங்கிலீசுல மட்டும் நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்."

என் பேர் கெடாமல் எப்படி எழுதலாம் என்று என்னிடமே கேட்க வந்திருக்கிறார். நான் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தினேன். சட்டைக் காலரில் சின்னதாகத் தீய்ந்துவிட்டது.

பூங்கொடி காபியைத் தொடவில்லை. "இவரு நம்புற ஆளுங்க. யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டாரு. நான் கேக்கறேன். அன்னிக்கு நானும் பக்கத்துலதான நின்னேன். ஃபேன் போடாதீங்க, வாரண்டி போயிரும்னு நீங்க சொன்னீங்களா?"

ராக்கியண்ணன் அவளை அடக்கப் பார்த்தார். சும்மா இரு புள்ள என்றார்.

"சொல்லலைங்க" என்றேன். பத்தொன்பது வருடத்தில் எந்த வாடிக்கையாளருக்கும் பதில் சொல்லும்போது நான் கடைசியில் இப்படி ஒரு "ங்க" சேர்த்ததில்லை. "சொல்லவே இல்லை. போட்டுக்கங்கன்னுதான் சொன்னேன்."

வாசுகி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவள் பக்கம் நான் திரும்பவில்லை.

படம் பற்றியும் சொன்னேன். போனை எடுத்துக் காட்டினேன். ராக்கியண்ணன் அந்தத் துளையை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "இது முன்னமே உங்ககிட்ட இருந்துச்சுங்களா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். போனைத் திருப்பி என் கையில் கொடுக்காமல் டேபிள் மேல் வைத்துவிட்டு எழுந்தார்.

ஏப்ரல் 28, மதியம்

ஷோரூமிலிருந்தே ஸ்டெல்லா மேடத்துக்கு மெயில் அனுப்பினேன். பதினைந்தாவது படம், என் அறிக்கையில் விட்டது என்ன, டெலிவரி அன்று நான் சொன்னது என்ன, யார் கடைக்கு அனுப்பினேன், வயரை யார் வெட்டச் சொன்னார் எல்லாம். மேனேஜருக்கும் நகல். மூன்று முறை எழுதி அழித்தேன். "தவறுதலாக விடுபட்டது" என்று முதலில் எழுதியிருந்தேன். பிறகு அதை எடுத்துவிட்டு "வேண்டுமென்றே அனுப்பவில்லை" என்று போட்டேன்.

மேனேஜர் கண்ணாடி அறையில் இருந்து எட்டிப் பார்த்தார். கூப்பிடவில்லை.

ஏப்ரல் 30, ஞாயிறு

மாப்பிள்ளை கடைக்குப் போனேன். அவர் காதுக்கு அதற்குள் போய்விட்டது. என்னைக் காப்பாற்றத்தான் செய்தீர்களா மச்சான் என்று கேட்பார் என நினைத்திருந்தேன். அப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

அவர் கேட்டது வேறு. "ஊரெல்லாம் கதிரேசன் இழுத்த வயர்லதான் தீப்புடிச்சுதுன்னு பேச்சு. நாலு வண்டி வேல வேண்டாம்னு போயிருச்சு. என் வேல சுத்தமா இருக்குதுன்னு தெரிஞ்சுமா மச்சான் அப்படி எழுதுனீங்க?"

சால்டரிங் போட்டுக்கொண்டே பேசினார். நான் போகும்வரை தலை நிமிரவில்லை. தேன்மொழி உள்ளே இருந்தாள், வரவில்லை.

மே 3, புதன்

சர்க்கரை 176. ராகிக் களி, கீரை.

ஸ்டெல்லா மேடம் மறுபடி வந்தார். பையில் இருந்த வெட்டிய வயர்களைத் தரையில் வரிசையாக அடுக்கி, எந்தத் துண்டு எங்கே இருந்தது என்று என்னையே காட்டச் சொன்னார். காட்டினேன். அதே மாதத்தில் வந்த இன்னும் ஆறு வண்டிகளைக் கூப்பிட்டு டேஷ்போர்டைத் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். முதல் நாலில் இரண்டில் கிளிப் இல்லை.

போகும்போது என்னிடம் வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். "அந்த ரெண்டு வண்டியும் ரோட்டுல ஓடிட்டு இருந்துச்சு சார்" என்றார். அவ்வளவுதான்.

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. மூன்று வாரமாக என் வேலை, என் பேர், மாப்பிள்ளை, ராக்கியண்ணன் முகம் இவற்றையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ரோட்டில் ஓடும் மற்ற வண்டிகளை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

மே 8, திங்கள்

வாரண்டி ஒத்துக்கொள்ளப்பட்டது. வயரிங், கட்டுப்பாட்டுப் பெட்டி, வேலைக்கூலி எல்லாம் கம்பெனி பொறுப்பு. செத்த குஞ்சுகளுக்கு வாரண்டியில் இடமில்லை. போன ரூட்டுக்கும் இடமில்லை.

என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டோருக்கு மாற்றியிருக்கிறார்கள். இனி வாடிக்கையாளரோடு பேசும் வேலை கிடையாது. என் டேபிளைக் காலி செய்யும்போது மெக்கானிக்குகள் எல்லாரும் ஏதோ ஒரு வண்டிக்குக் கீழே இருந்தார்கள். ஒருத்தர்கூட வெளியே வரவில்லை.

வீட்டில் சொன்னேன். வாசுகி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "சித்திரை ஒண்ணாந்தேதியே எனக்குத் தெரியும், நீங்க எதையோ மறைக்கறீங்கன்னு" என்றாள். கேட்டிருக்கலாமே என்றேன். "கேட்டா எங்கிட்டயும் பொய் சொல்லியிருப்பீங்க. அதான் கேக்கல."

மே 12, வெள்ளி

சர்க்கரை 149. ஸ்டோரில் நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கிறது. கால் வலி.

மே 16, செவ்வாய்

ராக்கியண்ணன் வண்டி ரெடி. ஒரு வாரமாக அந்த நாளை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். லீவு போடலாமா என்றுகூட யோசித்தேன். போடவில்லை. ஸ்டோரின் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் இருந்தால் கண்ணில் படாமல் இருக்கலாம் என்று நினைத்தேன்.

பதினொரு மணிக்கு அவரே ஜன்னலுக்கு வந்தார். வேறு ஒரு பண்ணையில் ரூட் கேட்டிருக்கிறாராம், சின்ன ரூட், தாராபுரம் வரைக்கும்தான். ஃபேன்களை மறுபடி ஓட்ட வேண்டும். அதனால் வாரண்டிக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்க வந்திருக்கிறார். ஸ்டோரில் யாரோ ஒரு பழைய ஆளிடம் கேட்பதுபோல் கேட்டார். குரலில் கோபம் இல்லை.

அந்த லைன் தனி லைன்தான், ஒன்றும் ஆகாது என்று ஆரம்பித்தேன்.

"வாயில வேண்டாங்க" என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு கோடு போட்ட தாளை எடுத்துக் கம்பிக்கு இடையில் நீட்டினார். "எழுதிக் குடுங்க."

இப்போது எனக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சொன்னேன். எனக்குத் தெரிந்ததை எழுதினால் போதும் என்றார். எழுதினேன். வெளியில் செய்த ஃபேன் லைனால் பழுது வந்தால் அதற்குக் கம்பெனி பொறுப்பில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் வாரண்டி அப்படியே இருக்கிறது. கம்பெனி வயரோடு எதையும் சேர்க்கக் கூடாது. ஏதாவது மாற்றினால் முதலில் சர்வீஸில் எழுத்தில் கேட்க வேண்டும். கீழே கையெழுத்துப் போட்டேன்.

அவர் ஜன்னல் திட்டில் தாளை வைத்து, வரிக்கு விரல் வைத்து, வாய்விட்டுப் படித்தார். பின்னால் இரண்டு பேர் ஃபில்டர் வாங்கக் காத்திருந்தார்கள். அவர் அவசரப்படவில்லை. ஒரு இடத்தில் நிறுத்தி, இது என்ன எழுத்து என்று கேட்டார். சொன்னேன். தேதி போடவில்லை என்றார். போட்டுக் கொடுத்தேன்.

தாளை மடித்தார். கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் வண்டிப் பக்கம் போகாமல், முன்பு நான் உட்கார்ந்திருந்த டேபிளுக்குப் போனார். புதிதாக வந்திருக்கும் அட்வைசர் முன்னால் அதை விரித்து வைத்து, இதில் எழுதியிருப்பதெல்லாம் சரிதானா என்று கேட்டார்.

ஃபில்டருக்கு வந்தவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பையன் கடைசி வரி வரைக்கும் படித்து, சரிதான் என்று தலையாட்டுகிறவரை நான் அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை.